ஹால் இருட்டு, கூரையில் கண்ணாடி வைக்கலாமா? (அவசரம்)

கடைக்குட்டி:
வணக்கம். எங்கள் ஹாலில் பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிகிறது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னலுக்கு வழியே இல்லை. கூரையில் மூன்றுக்கு மூன்று அடி திறந்து கண்ணாடி வைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. கண்ணாடி நல்லதா, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டா? திங்கள்கிழமை வேலை ஆரம்பம். சீக்கிரம் சொல்லுங்கள்.

சைட் இன்ஜினியர்:
எந்த ஊர்? மேலே மாடி வீடு இருக்கிறதா, மொட்டை மாடியா? கான்கிரீட்டா, ஓடா? ஹால் என்ன அளவு? ஒரு படமாவது போடுங்கள்.

பாலக்கரை:
பாலிகார்பனேட் பக்கமே போகாதீர்கள். எங்கள் அக்கா வீட்டில் போட்டது மஞ்சள் பூத்துவிட்டது. மழை பெய்தால் எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கண்ணாடிதான், அதுவும் லேமினேட்டட். இரண்டு 6 மி.மீ. கண்ணாடிக்கு நடுவே ஃபிலிம் வைத்து ஒட்டியது, உடைந்தாலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். வெறும் டஃபன்ட், அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடி போட்டால், உடையும்போது கல்கண்டு கொட்டுகிற மாதிரி தலையில் கொட்டும்.

அனுபவஸ்தன்:
மாதம் ஒருமுறை யாராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை.

பாலக்கரைக்கு: மஞ்சளாவதற்கு ஷீட்டைத் திட்டிப் பயனில்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். எது மேல்பக்கம் என்று ஒட்டியிருக்கும் ஃபிலிமிலேயே அச்சடித்திருக்கும். படிக்காமல் உரித்து எறிந்தால் அப்படித்தான். இன்னொன்று, அது வெயிலில் கண்ணாடியைவிட ஏழு மடங்கு விரியும். 30 டிகிரி வித்தியாசத்தில் 3 மீட்டர் ஷீட் கிட்டத்தட்ட 6 மி.மீ. நீளும். ஸ்க்ரூவுக்குத் துளையைத் தளர்வாகப் போடாமல் முறுக்கிவிட்டு, ஒழுகுகிறது என்று இங்கே வந்து அழுவார்கள்.

நாஞ்சில் ஓடு:
இவ்வளவு எதற்கு? எங்கள் ஊரில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டு நாலு கண்ணாடி ஓடு போடுவோம். அரை மணி நேர வேலை.

அனுபவஸ்தன்:
அவர் ஓட்டு வீடு என்று சொன்னாரா?

நாஞ்சில் ஓடு:
இல்லை என்றும் சொல்லவில்லையே.

சைட் இன்ஜினியர்:
வெளிச்சம் வந்தால் சூடும் கூடவே வரும், அதை யாரும் சொல்லவில்லை. மூன்றுக்கு மூன்று என்பது 0.84 சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். சாதாரண கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சித்திரை வெயிலில் அதன் கீழே யாரும் உட்கார முடியாது. வெளிச்சம் மட்டும் போதுமென்றால் சோலார் ட்யூப் பாருங்கள். மாடி வெளிச்சத்தைக் கீழே கொண்டுவரும் குழாய், உள்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பத்து அங்குலத் துளை போதும். எதைப் போட்டாலும் சுற்றிலும் அரையடி கட்டைச்சுவர் எழுப்பி, சரிவாக வையுங்கள். தளத்தோடு தளமாகப் படுக்க வைத்தால் ஐப்பசி மழையில் ஒழுகும்.

பாலக்கரை:
மட்டமாக வைக்கவே வேண்டாம். வடக்கு பார்த்து நிமிர்ந்த கண்ணாடியாக வைத்தால் வெயிலே வராது, வெளிச்சம் மட்டும் வரும்.

அனுபவஸ்தன்:
இது வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துச் சொல்வது. நம் ஊரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை மதியச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும்.

பாலக்கரை:
எத்தனை டிகிரி சாயும்? அதிகம் போனால் 12, 13. ஓரடி சன்ஷேட் போட்டால் மதிய வெயில் நின்றுவிடும். காலையும் மாலையும் கொஞ்சம் வரும், வரட்டுமே. எல்லாவற்றுக்கும் குறுக்கே வந்து நிற்காதீர்கள்.

அனுபவஸ்தன்:
நான் சொன்னது சரி என்பதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

கடைக்குட்டி:
மன்னிக்கவும், ஆபீஸ். ஊர் கும்பகோணம். மேலே மொட்டை மாடிதான். ஹால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு. கான்கிரீட் என்றுதான் நினைக்கிறேன். பழைய வீடு, அண்ணாந்து பார்த்தால் வரிசையாக மரக்கட்டை தெரியும்.

சைட் இன்ஜினியர்:
வேலையை நிறுத்துங்கள். கட்டை தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். கட்டைகளுக்கு மேல் செங்கலைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில், சுண்ணாம்பு வைத்து இறுக்கியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அப்புறம் தட்டோடு. ஒரு செங்கல் இன்னொன்றை நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற தளம் அது. மூன்றடி திறக்க வேண்டுமென்றால் ஒரு கட்டையையாவது அறுக்க வேண்டிவரும். கான்கிரீட்டுக்கு நான் மேலே சொன்னதை இதில் செய்யாதீர்கள். பழைய கட்டட வேலை தெரிந்த இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்க்காமல் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

காவிரிக்கரை:
கும்பகோணத்துப் பழைய வீடு என்கிறீர்கள், தம்பி. முற்றம் எங்கே?

கடைக்குட்டி:
ஹாலை ஒட்டி இருந்ததாம் அக்கா. தாத்தா காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். இப்போது சைக்கிளும் மூட்டையும் கிடக்கிறது.

காவிரிக்கரை:
அப்படியென்றால் வெளிச்சம் வந்த வழியை அடைத்துவிட்டுக் கூரையை உடைக்கப் பார்க்கிறீர்கள். ஷீட்டை எடுங்கள். உடைக்காமல், துளை போடாமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. புதிதாகப் போடும் கண்ணாடியையோ ஷீட்டையோ சுற்றியுள்ள தளத்தைவிட ஒன்றரை அடி உயர்த்தி, நாலு பக்கமும் இடைவெளி விட்டு வலை அடித்தால் சூடான காற்று மேலே போய்விடும். சாரல் அடித்தால் தண்ணீர் போக முற்றத்துத் தூம்பு இருக்கும். தூம்பின் மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

நாஞ்சில் ஓடு:
வலையெல்லாம் குரங்குக்கு எந்த மூலை? கம்பி கேட் போடுங்கள்.

பாலக்கரை:
கும்பகோணத்தில் குரங்கா?

நாஞ்சில் ஓடு:
கோயில் இருக்கிற ஊரில் குரங்கு இல்லாமல் போகுமா?

அனுபவஸ்தன்:
தலைப்புக்கு வாருங்கள். முற்றத்தைப் பற்றி நான் முன்பே ஒரு இழையில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

காவிரிக்கரை:
இதில் ஒரு வரி எழுதியிருக்கலாமே.

கடைக்குட்டி:
மேஸ்திரி ஒத்துக்கொண்டார், கட்டையில் கை வைக்கவில்லை. முற்றத்து ஷீட்டை மட்டும் இறக்கியாச்சு. லைட் போடாமலே ஹாலில் பேப்பர் படிக்க முடிகிறது. தூம்பை நிஜமாகவே சிமென்ட் பூசி அடைத்திருந்தார்கள். மேலே என்ன போடுவது என்று அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. எல்லோருக்கும் நன்றி.

அனுபவஸ்தன்:
பேசி முடிப்பதற்குள் மழை வந்துவிடும். அதுவரை ஒரு தார்ப்பாயாவது கட்டுங்கள்.

புதுக்குடி:
அந்த சோலார் ட்யூப் திருச்சியில் எங்கே கிடைக்கும்? எங்களுடையது கான்கிரீட்தான்.