பெத்தா (பாட்டி) வீட்டாக்கள் குழு: மட்டக்களப்பில அலுமாரி வாங்கின கதை

வெள்ளி, பின்னேரம் 6.10

வினோ: (படம்)

வினோ: (படம்)

வினோ: தாண்டவன்வெளியில ஒரு வீட்டாக்கள் குடும்பத்தோட அவுஸ்திரேலியா போறாங்களாம், நாளைக்கி காலையில இருந்து வீட்டுச் சாமான் முழுக்க விக்காங்க, அலுமாரி கதிரை நிலைக்கண்ணாடி பூச்சாடி எல்லாம் கிடக்கு, ஆரும் என்னோட வாறயா

அம்மா: ஆரோ பாவிச்ச சாமான் நமக்கு என்னத்துக்கு மகள். ஆறுதலா புதுசு வாங்கலாம்தானே

வினோ: கடையில 90,000 சொல்றான் அம்மா, அதுவும் மரமில்ல, மரத்தூள் ஒட்டிச் செஞ்ச சிப்போட். இவங்க 22,000க்கு மர அலுமாரி தாறாங்க

கபில்: கல்லடி வீட்டுக்குப் போய் ரெண்டு மாசம், அத்தான்ட சேட்டெல்லாம் இன்னும் சூட்கேசுக்குள்ள

வினோ: நீ பேசாத. உன்ட உடுப்பு எப்பவும் கதிரையிலதான்

ராணி மாமி கனடா: இஞ்ச இப்பதான் விடிஞ்சிருக்கு புள்ள தேத்தண்ணியோட இருந்து பாக்கன். இதைத்தான் நாங்க கராஜ் சேல் எண்டு சொல்றது. பனி போனாப்பிறகு மே மாசத்தில தொடங்கினா சனிக்கிழமை சனிக்கிழமை ஒவ்வொரு சந்தியிலயும் லைட் போஸ்ட்டில மட்டை ஒட்டியிரிக்கும், வீட்டு வாசல்ல மேசையப் போட்டு எல்லாத்தையும் பரப்பி வெச்சிருப்பாங்க. நான் விடிய ஏழு மணிக்கே போயிருவன், நல்ல சாமான் ஒம்பது மணிக்குள்ள போயிரும். ஆனா மத்தியானத்துக்குப் பிறகு போனா மிச்சத்த திருப்பி உள்ள தூக்கிவைக்க அலுப்பில கேட்ட விலைக்குத் தருவாங்க, சில பேர் ஃப்ரீ எண்டு எழுதி ரோட்டோரத்தில வெச்சிட்டுப் போயிருவாங்க

ராணி மாமி கனடா: எங்கட ஹோல்ல இரிக்கிற லாம்பு 3 டொலர். எல்லாரும் வந்து விலை கேப்பாங்க, நான் சொல்லமாட்டன்

கபில்: 3 டொலர் எண்டாலும் நம்மட காசில 600க்கு மேல மாமி

அம்மா: மச்சாள் நீங்களே புள்ளைக்கிப் பழக்கிவிடாதீங்க

ராணி மாமி கனடா: இல்ல மச்சாள் எல்லாத்தையும் எடுக்கவும் கூடா. மெத்தை, துணி போட்ட செட்டி ரெண்டும் ஆர் சும்மா தந்தாலும் தொடமாட்டன், மூட்டைப்பூச்சி வந்திட்டு எண்டா வீட்ட விட்டே ஓடணும். குழந்தைச் சாமானுக்கு இஞ்ச சட்டமே இரிக்கு. சில்லு வெச்ச பேபி வோக்கர் 2004ல இருந்து கனடாவில விக்கவே ஏலா, கராஜ் சேல்லயும் ஏலா. 1986 செப்டம்பருக்கு முந்தின தொட்டிலும் அப்பிடித்தான். ஒரு கிழவி நம்மட தர்சிக்கி வோக்கர் ஒண்டு சும்மா தரப் பாத்தவ, நான்தான் சட்டம் சொல்லி நிப்பாட்டினன்

சின்ன மாமா: வினோ மகள் நான் சொல்றதக் கேளு நான் இத வாயால சொல்லித்தான் அடிக்கன் பிழை இருந்தா பொறுத்துக்க. அலுமாரிய முன்னால பாக்காத பின்னால பாரு, பின்பலகையும் லாச்சிர (இழுப்பறைர) அடியும்தான் பொய் சொல்லாது. ஒரு மூலையத் தூக்கிப்பாரு பாரம் இருந்தா முதிரையோ தேக்கோவா இரிக்கலாம், லேசா வந்திட்டு எண்டா விட்டுட்டு வா. சின்ன ஓட்டை இருந்தா அதுக்குக் கீழ விரலால தடவு, வெள்ளையா மா மாதிரி தூள் ஒட்டினா பூச்சி இன்னும் உள்ள இருந்து தின்னுது, ஓட்டை கறுத்து தூள் ஒண்டும் இல்லாட்டி பெரும்பாலும் பழைய ஓட்டைதான். மறுகா காலப் பாரு கால்ல ஒரு முழத்துக்குக் கோடு மாதிரி கறை இருந்தா அது 2011 வெள்ளத்தில நிண்ட சாமானா இரிக்கலாம், அந்தத் தை மாசம் நம்மட ஊரே தண்ணிக்குள்ளதானே கிடந்தது

சின்ன மாமா: சிப்போட் சாமான் ஒருதரம் ஆணி கழட்டினா மறுகா பிடிக்காது. தண்ணி பட்டா காலடி பாண் மாதிரி ஊதிரும்

வினோ: ஓம் மாமா. வெத்திலை வைக்கிற பித்தள வட்டா ஒண்டும் படத்தில இரிக்கு 2,500 எண்டு சொன்னாங்க

சின்ன மாமா: காந்தம் கொண்டு போ. பித்தள எண்டா ஒட்டாது, ஒட்டினா உள்ள இரும்பு மேல பூச்சு

கபில்: காந்தத்துக்கு எங்க போற

சின்ன மாமா: உன்ட பழைய ஸ்பீக்கரக் கழட்டு மனே. எப்பிடியும் அது பாடுறல்ல

அப்பா: 👍

அம்மா: இவர் ஆருக்குப் பெருவிரலக் காட்டுறார்

சனி, காலை 8.40

வினோ: வந்திட்டம். எங்களுக்கு முந்தி பத்துப் பேர் நிக்காங்க, ஒராள் காத்தான்குடியில பழைய சாமான் கடை வெச்சிருக்கிறவராம் ஃபேனெல்லாம் மொத்தமாப் பேசிட்டார்

கபில்: அக்கா எல்லா லாச்சிக்குள்ளயும் தலையப் போடுறா. வீட்டுக்காரம்மா பயந்துபோய்ப் பாக்கா

வினோ: தூள் இல்ல மாமா, கறையும் இல்ல, நானும் கபிலும் சேந்து மூலையத் தூக்கினம் அசையுதில்ல

சின்ன மாமா: எடு எடு

ராணி மாமி கனடா: முதல் விலைக்கே தலையாட்டாத. ரெண்டு மூணு சாமானச் சேத்துக் கேளு, தனித்தனியாக் கேட்டா குறைக்கமாட்டாங்க

வினோ: அலுமாரி, வட்டா, பிரம்புக் கதிரை, கண்ணாடி நாலும் 26,000க்கு முடிச்சிட்டன். கதிரையில பிரம்பு அறுந்து கிடக்கு ஆரும் திரும்பிப் பாக்கல்ல, அதை 1,500 எண்டு போட்டுத் தந்தாங்க. கண்ணாடிர ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி, துடைச்சா போகுமா

சின்ன மாமா: போகாது. ரசம் போனா போனதுதான். ஓரத்தில மட்டும் எண்டா அகலமான சட்டம் அடிச்சி மறைக்கலாம்

வினோ: வட்டாவில காந்தம் ஒட்டல்ல

கபில்: இனி என்ட ஸ்பீக்கர ஆரு பூட்டித் தாற

வினோ: இன்னொண்டு சொல்லணும், அந்த அம்மா வட்டாவத் தரக்குள்ள அழுதிட்டா. அவட கல்யாணத்துக்கு வெத்திலை வெச்ச வட்டாவாம், பிளேனுக்குப் பாரம் கூடிரும் எண்டு மகன் சொல்லிட்டானாம். எனக்கு விலை பேசினதே வெக்கமாப் போயிட்டு

அம்மா: அப்ப ஏன் எடுத்த

வினோ: நான் எடுக்காட்டி மத்த ஆள் நிறுத்து வாங்கப் பாத்தான் அம்மா, கிலோக் கணக்கில

அம்மா: அப்ப சரி

சனி, மத்தியானம் 1.25

கபில்: ஆபத்து

கபில்: (படம்)

ராணி மாமி கனடா: சாமத்தில போன் அடிக்குது என்னகா நடந்தது

கபில்: பட்டா லொறியில கல்லடிப் பாலத்தால நல்ல ஊர்வலமாக் கொண்டு வந்து இறக்கியாச்சி. மேல்வீட்டுப் படி ரெண்டு அடி எட்டு இஞ்சிதான், நடுவில திருப்பம் வேற. அலுமாரி ஆறரை அடி. மூணாவது படியில சிக்கி இப்ப மேலயும் போகல்ல கீழயும் வருதில்ல, அத்தான் மேல் பக்கம் மாட்டுப்பட்டு நிக்கார், கீழ்வீட்டு அங்கிள் சோத்துக் கோப்பையோட வெளிய வந்து யோசனை சொல்றார்

சின்ன மாமா: அளந்து பாக்கல்லயா

வினோ: நீங்க பூச்சி சொன்னீங்க வெள்ளம் சொன்னீங்க, படிய அளக்கச் சொல்லல்லயே மாமா

சின்ன மாமா: பழைய அலுமாரி எண்டா மேல் முடி தனியாக் கழரும், பக்கப் பலகைக்கி மர ஆப்புத்தான் அடிச்சிருப்பாங்க, ஆப்பத் தட்டினா நாலு துண்டா வந்திரும்

கபில்: பாத்தம். ஆப்பு இருந்த இடத்தில ஆரோ புண்ணியவான் மூணு இஞ்சி ஆணி இறுக்கியிருக்கான். தலை கூடத் தெரியுதில்ல, மேலால புட்டி பூசி பொலிஷும் அடிச்சாச்சி

சின்ன மாமா: ஐயோ. அதக் கெம்பினா பலகை வெடிக்கும் தொடாதீங்க

ராணி மாமி கனடா: நான் இஞ்ச கார் டிக்கியில எப்பவும் அளவு நாடாவும் பழைய பெட்சீற்றும் வெச்சிருப்பன். இப்பிடித்தான் ஒரு மேசை வாங்கி பேஸ்மென்ட் வாசல்ல ரெண்டு நாள் கிடந்தது, இவர் அந்த மேசையத் தாண்டித்தான் வேலைக்குப் போனவர்

அம்மா: மருமகன் சாப்பிட்டாரா

கபில்: அவர் எப்பிடிச் சாப்பிட அம்மா, அலுமாரிக்கு அங்கால நிக்கார்

சனி, பின்னேரம் 4.50

வினோ: ஒருமாதிரிக் கீழ இறக்கியாச்சி. பட்டாக்காரருக்கு மறுகா 3,000. அம்மா கொஞ்ச நாளைக்கி ஆரையம்பதியில உங்கட விறாந்தையில வெக்கட்டா, மரவேலை செய்ற ஓடாவியக் கூட்டி ஆணி கழட்டினாப்பிறகு எடுப்பன்

அம்மா: எனக்கு இடமில்ல

அம்மா: சரி கொண்டு வா. சுவரோட ஒட்டி வெக்காத கறையான் ஏறும்

புதன், இரவு 8.15

வினோ: (படம்)

வினோ: வட்டா புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சன் கை ரெண்டும் போச்சி, இப்ப பாருங்க. கதிரைக்கிப் பிரம்பு பின்ற ஆள் கிடைக்கல்ல, அதுவரைக்கும் பன்பாய மடிச்சிப் போட்டு மேல மருதமுனைத் துண்டு ஒண்டு விரிச்சிருக்கன்

ராணி மாமி கனடா: என்ன வடிவு புள்ள. இந்த வட்டா மாதிரி ஒண்டு எங்கட பெத்தா வீட்டயும் இருந்தது, 78 சூறாவளியில கூரை போய் எல்லாம் நனைஞ்சி கிடக்கக்குள்ள பெத்தா முதல்ல தேடினது அதைத்தான்

அம்மா: தேடி எடுத்தவவும். பிறகு ஆரு கொண்டு போன எண்டுதான் தெரியா

ராணி மாமி கனடா: என்னைப் பாத்துச் சொல்றீங்களா மச்சாள்

அம்மா: நான் ஆரையும் சொல்லல்ல

ராணி மாமி கனடா: வினோ உனக்கு அலுத்தா சொல்லு, வாற வரியம் வரக்குள்ள நான் எடுக்கன்

வினோ: அலுக்காது மாமி

சின்ன மாமா: மகள் அந்தக் கண்ணாடிச் சட்டத்தில பழைய பச்சைப் பெயின்ட் இரிக்கெல்லா, அத சாண்ட் பேப்பரால காயக்காயத் தேக்காத, பழைய பெயின்ட்டில ஈயம் இரிக்கலாம், தூள் மூச்சுக்குள்ள போயிரும். தண்ணியில நனைச்சி நனைச்சித் தேய், கீழ்வீட்டுச் சின்னப் புள்ளையள் பக்கத்தில வராமப் பாத்துக்க

வினோ: ஓம் மாமா

ஞாயிறு, காலை 9.05

வினோ: அம்மா ஓடாவியோட கதைச்சிட்டன், பலகை வெடிக்காம ஆணி கழட்டித் தாறன் எண்டார் 4,000 கேக்கார். இண்டைக்குப் பின்னேரம் அனுப்பவா

வினோ: அம்மா

கபில்: அம்மா பாத்திட்டா, பதில் போடல்ல

கபில்: (படம்)

வினோ: என்ட அலுமாரிக்குள்ள ஆருட சீலை???

கபில்: மேல் தட்டு கல்யாணச் சீலை, நடுத்தட்டு கோயில் சீலை, கீழ்த்தட்டு அப்பாட வேட்டி. லாச்சிக்குள்ள காணி உறுதி

ராணி மாமி கனடா: ஆரோ பாவிச்ச சாமானாமே மச்சாள்

அம்மா: மாரி தொடங்கிட்டு மகள். இப்ப ஏத்தி இறக்கினா நனைஞ்சி போயிரும். தை பிறக்கட்டும் பாப்பம்

வினோ: திறப்பாவது தாங்க அம்மா ஓடாவி பாத்திட்டுப் போகட்டும்

கபில்: திறப்பு முந்தானையில முடிஞ்சிரிக்கு

அப்பா: 👍