மலையில் எதிரே வந்தவை: கேமராவோடு திரிகிறவர்கள் சொல்லுங்கள்

வால்பாறைவாசி:

நானே தொடங்கி வைக்கிறேன். முகூர்த்த நாள்களில் கல்யாணப் படம், மற்ற நாள்களில் குரங்கும் பறவையும், இதுதான் என் பிழைப்பு. கல்யாணம் சோறு போடுகிறது. அந்தச் சோற்றில் பாதியைக் குரங்கு பெட்ரோலாகவும் லென்ஸ் தவணையாகவும் பிடுங்கிக்கொள்கிறது.

விடியும் முன் எழுந்ததும் எதிர் மேட்டு எஸ்டேட் விளக்கைப் பார்ப்பேன். பளிச்சென்று தெரிந்தால் கிளம்பலாம். மஞ்சளாகக் கலங்கித் தெரிந்தால் இன்னொரு டீ குடிக்கலாம். விளக்கே தெரியாவிட்டால் போர்வைதான். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் போர்வைதான். சின்னக்கல்லாறு பக்கம் அப்போது குடையை விரிப்பதே வீண்.

வெளியூர் நண்பர்கள் வந்தால் "உள்காட்டுக்குக் கூட்டிப் போ" என்பார்கள். இங்கே எனக்கு எதிர்ப்பட்டவை எல்லாம் தார்ச்சாலையிலும் தேயிலைக்காட்டிலும்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவிலேயே வரையாடு நிற்கும், சில நாள் தடுப்புச் சுவரின் மேலேயே. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031 வரையாடுகள்தான் இருப்பதாகச் சொன்னார்கள். அதில் ஒன்று காரிலிருந்து நீட்டிய சிப்ஸை மோந்து பார்ப்பதைக் கண்டால் வயிறு எரிகிறது. அந்தப் படத்தை நான் எடுப்பதே இல்லை. எடுத்தாலும் ஆட்டுக்குப் பின்னால் கார் நம்பர்தான் பளிச்சென்று விழும்.

புதுத்தோட்டத்துச் சோலைமந்திகளும் அப்படித்தான். சிங்கவால் குரங்கு என்றால் பலருக்கும் தெரியும். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், அதில் போகும். மனம் வந்தால் கீழேயும் இறங்கிவிடும். முகத்தைச் சுற்றிய பிடரி வெள்ளி, உடம்பு கறுப்பு. கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்பை வெளுக்கவைக்கிறேன் என்று பிடரியை வெந்துபோக விட்டுவிடும். நான் பிடரிக்குத்தான் எக்ஸ்போஷர், அதாவது ஒளி அளவு, வைப்பேன். உடம்பு இருட்டாக விழுந்தால் விழட்டும், அது கறுப்புக் குரங்குதானே.

இனி யானை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கூட்டங்கள் இந்தப் பக்கம் அதிகம் வரும். எந்த எஸ்டேட் அருகே யானை நிற்கிறதோ அங்கே கம்பத்தில் சிவப்பு விளக்கு மினுக்கும். ஊர்க்காரர்களின் செல்போனுக்கும் செய்தி வரும். இந்த ஏற்பாட்டுக்காகத்தான் 2015-இல் யானை ஆய்வாளர் ஆனந்த குமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரும் விட்லி விருது கிடைத்தது. எனக்கு அந்த விளக்கு இன்னொரு விதத்திலும் உதவி. அது எரிந்தால் அன்றைக்குப் பைக்கை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒரு டிசம்பர் மாலை. விளக்கு மினுக்குகிறது. நல்ல மூடுபனி. முன்னால் நின்ற எஸ்டேட் பஸ்ஸில் டிரைவர் முகப்பு விளக்கை அணைத்துவிட்டார், இன்ஜினையும்தான். நான் பஸ்ஸுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன். தேயிலைச் சரிவில் முதலில் தெரிந்தது ஒரு முதுகு, அப்புறம் இன்னொன்று. தேயிலை இடுப்பளவுதான் என்றாலும் குட்டி அதற்குள் முழுசாக மறைந்துவிடுகிறது, செடி ஆடுவதை வைத்துத்தான் குட்டி எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தாய் சாலை விளிம்புக்கு வந்ததும் நின்றது. தும்பிக்கை நுனியை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி, காற்றில் எதையோ தடவிப் பார்த்தது. காது வீசவில்லை. அது நல்ல சேதி இல்லை. ஆற அமர இருக்கிற யானை காதை ஆட்டிக்கொண்டேதான் இருக்கும். வெளிச்சம் போதாமல் கேமராவில் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/250, எல்லாம் சாம்பல் நிறம். அசையாமல் நாலைந்து படம் எடுத்தேன். மெல்லக் காது ஆட ஆரம்பித்தது. கடந்து போயின.

நான் பைக்கை எடுக்கப் போனேன். பஸ் ஜன்னலிலிருந்து ஓர் அக்கா, கொழுந்து பறித்துவிட்டுப் பாடிக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு, திரும்புகிறவர், "தம்பி, பொறு. எப்பவும் பின்னாடி ஒண்ணு வரும்" என்றார். டிரைவரும் சாவியில் கை வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்தது, பெரியது, தனியாக, சத்தமே இல்லாமல். பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்றுவரை நான் பின்பற்றும் பாதுகாப்பு விதிகளில் பாதி இப்படிப் பஸ் ஜன்னலிலிருந்து வந்தவைதான்.

நீங்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரிப் பக்கம்:

உங்களுக்கு யானை, எங்களுக்குக் காட்டெருமை. கோத்தகிரி, குன்னூரில் இப்போதெல்லாம் அது பஸ் ஸ்டாண்டு வரை வருகிறது. காலையில் பால் வாங்கப் போகிறவர்களும் அதற்கு வழிவிட்டுத்தான் போகிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு மேலே கேரட் தோட்டத்தை ஒட்டிப் படிக்கட்டுப் பாதை. ஒருநாள் ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிறேன், மேல்படியில் ஆண் காட்டெருமை. கால்களில் வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல் இருக்குமே, அதுதான் முதலில் கண்ணில் பட்டது. அது நேராகப் பார்த்தபோது எனக்குப் பெரிய பயம் இல்லை. மெல்லப் பக்கவாட்டில் திரும்பி, முதுகுத் திமிலைக் காட்டி நின்றதே, அப்போதுதான் வியர்த்தது. "என் அளவைப் பார்த்துக்கொள்" என்று அது சொல்லும் முறை அது. மூக்கால் ஒரு சீறல். நான் முதுகைக் காட்டாமல் ஒவ்வொரு படியாக இறங்கிப் பக்கத்து வீட்டுக் கேட்டுக்குள் நுழைந்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து, "அது தினமும் வருது. டீ குடிச்சிட்டுப் போ" என்றார். டீ குடித்து முடித்தபோதும் அது அங்கேயே நின்றது. இரண்டாவது டீயும் ஆனது.

இன்னொன்று, எரிச்சலோடுதான் எழுதுகிறேன். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை 2024-இல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது, எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் பக்கத்திலேயே இவ்வளவு சோலை மிஞ்சியிருப்பது பெரிய விஷயம். நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவைக்கு உலகத்தில் நீலகிரியை விட்டால் வேறு வீடே இல்லை. அதைப் படமெடுக்க வந்த ஒரு குழு போனில் அதன் குரலையே போட்டுப் போட்டு அழைத்துக்கொண்டிருந்தது. பறவை வந்தது. கோபத்தோடு, வேறொரு சிரிப்பான் தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்து வந்தது. குஞ்சுக்குப் புழு தேட வேண்டிய நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடித் திரிகிறது. படம் நன்றாகவே வந்திருக்கும், சந்தேகமில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சும்மா ஒரு ஓடைப் பக்கம் உட்கார்ந்தாலே போதும். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தானாகவே கைக்கெட்டும் தூரத்துக்கு வரும், அதற்கு நம்மைப் பற்றிக் கவலையே கிடையாது. அட்டைக்கும் கவலை கிடையாது, அது வேறு விஷயம். புகையிலைத் தூளைத் துணியில் முடிந்து காலுறைமேல் தேய்த்துக்கொண்டு போங்கள்.

போடிக்காரர்:

விலங்குக் கதை என்னிடம் இல்லை. பூவைச் சொல்லலாமா?

2018 குறிஞ்சி. பன்னிரண்டு வருஷக் காத்திருப்பு, 2006-இல் பிலிம் ரோலில் எடுத்தது, இம்முறை டிஜிட்டலில் எடுத்துத் தள்ளிவிட வேண்டும் என்று ஆகஸ்டுக்கு எல்லாம் தயார். ஆகஸ்டில்தான் கேரளத்து வெள்ளம். மூணாறு துண்டாகிப் போனது. இரவிகுளம் போகும் வழியில் பெரியவரைப் பாலம் போய்விட்டது. பூவைப் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருந்தது, மனிதர்கள் வீடிழந்து நிற்கிறார்கள்.

செப்டம்பரில் வெயில் தலைகாட்டிய பிறகு சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலை ஏறினேன். அந்தப் பாதையை அறிந்தவர்களுக்கு முதுகெலும்பு தனியாக வலிக்கும். மேலே சரிவு முழுக்க ஊதா. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மழையில் அழுகிப் பழுப்பேறிய பூவும் அன்று காலை விரிந்த பூவும் ஒரே கொத்தில். எல்லோரும் ட்ரோன் படம்போல் பரந்த சரிவையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்த ஒரே கொத்தோடு மேக்ரோ லென்ஸில் காலை முழுக்கக் கிடந்தேன். காற்று நின்றால் ஒரு படம், அடித்தால் ஒரு பெருமூச்சு. ஜீப் டிரைவர் வந்து, "சார், இதே பூ கீழே ரோட்டோரமும் இருக்கு" என்றார். இருக்கட்டும்.

அடுத்தது 2030. முழங்கால் ஒத்துழைத்தால் பார்க்கலாம்.

வால்பாறைவாசி:

போடிக்காரரே, அந்தப் பழுப்புக் கொத்துப் படத்தைக் கட்டாயம் போடுங்கள்.

கோத்தகிரிக்காரர் சொன்ன குரல் விஷயத்துக்கு நானும் ஒன்று சேர்க்கிறேன். இருவாச்சி கூட்டு மரத்தடியில் போய் நிற்பது அதைவிட மோசம். பெண் பறவை பொந்துக்குள் புகுந்து, அலகு நுழையும் இடுக்கை மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டிருக்கும். குஞ்சு வளரும்வரை அதற்கும் குஞ்சுக்கும் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்ட வேண்டும். கீழே ஆள் நின்றால் ஆண் பக்கத்து மரத்தோடு நின்றுவிடும். தொண்டைப்பை நிறையப் பழத்தோடு அது காத்திருக்க, உள்ளே இருப்பது பசியோடு கிடக்கும். பழுத்த அத்திமரம் ஒன்றைத் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருங்கள், இருவாச்சி அங்கே கட்டாயம் வரும். சிறகுச் சத்தம் முன்கூட்டியே சொல்லிவிடும், கேமராவைத் தூக்க நேரம் இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு அனுபவம் எதுவும் இல்லை, கேள்விதான் இருக்கிறது. போன மாதம் ஏற்காட்டுக்கு மாற்றலாகி வந்தேன். பழைய லென்ஸில் சிலந்தி வலை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. பூஞ்சையா? லென்ஸை ஈரம் படாமல் வைக்கும் எலெக்ட்ரிக் டிரை கேபினட் வாங்கும் வசதி இப்போதைக்கு இல்லை.

கோத்தகிரிப் பக்கம்:

பூஞ்சைதான். அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்காதீர்கள். சுத்தம் செய்ய முதலில் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம்.

கேபினட் தேவையில்லை. காற்றுப் புகாத மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், இவ்வளவுதான். மீட்டர் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வரும்போது பையின் ஜிப்பை உடனே திறந்துவிடாதீர்கள், லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். மிதமான சூட்டில் வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியை அப்புறம் சமையலுக்கு எடுக்கக் கூடாது, நீல ஜெல்லில் கோபால்ட் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. பழைய சட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.