பூர்வீக வீட்டுக் குழாயில் வீட்டுக்காரர் கைவைக்கலாமா?

சாவிக்கார ஆச்சி, கானாடுகாத்தான்

எங்கள் வீடு நான்கு புள்ளிகளுக்குப் (பங்காளிக் குடும்பங்களுக்குப்) பொதுவானது. மற்ற மூன்று புள்ளிகளும் வெளியூரில் இருப்பதால் சாவி என்னிடம் இருக்கிறது. சென்ற தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்தபோது, இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் 200 மில்லி தம்ளர் ஒன்றை வைத்துப் பார்த்தேன். 20 நிமிடத்தில் நிரம்பிவிட்டது. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 14 லிட்டருக்கு மேல் வருகிறது. தண்ணீர் வீணாவது ஒருபுறம் இருக்க, அது சுண்ணாம்புச் சுவரின் காலடியிலேயே ஊறிக்கொண்டிருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொட்டியிலிருந்து வரும் வால்வை அடைத்துவிட்டு, குழாயின் தலைப்பகுதியைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். அரை மணி நேர வேலை, சொட்டுவது நின்றுவிட்டது. இதைக் கேள்விப்பட்ட என் கொழுந்தனார், பொது வீட்டில் தனியாள் ஒருவர் குழாயைக் கழற்றியது தவறு என்றும், இனி எதுவானாலும் ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நான் செய்தது தவறா? எந்த வேலை வரை நாமே செய்யலாம்?

ஓய்வுபெற்ற பொறியாளர், பள்ளத்தூர்

ஆச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் உங்கள் கொழுந்தனார் பக்கம். உங்கள் வாஷர் சரியாக உட்கார்ந்துவிட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வாஷரில் கிடைத்த துணிச்சல் அடுத்த முறை முழுக் குழாயையும் கழற்றச் சொல்லும். என் உறவினர் வீட்டில் நடந்தது அதுதான். பழைய பித்தளைக் குழாயை மாற்றிப் பளபளப்பான புதியதைப் போடலாம் என்று அவரே பைப் ரெஞ்சைப் பிடித்துத் திருகினார். குழாய் நன்றாகவே கழன்றது. ஆனால் சுவருக்குள் இருந்த ஜி.ஐ. எல்போ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வளைவு, பல ஆண்டுத் துருவில் மெலிந்திருந்ததால், அந்த முறுக்கைத் தாங்காமல் விரிசல் விட்டிருக்கிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துச் சுவரில் உப்புப் பூத்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். அவசரத்தில் சிமெண்ட் கலவையைக் குழைத்து அந்த இடத்தைப் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும். சிமெண்ட் அப்படி விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் சுற்றிலும் பரவி, கண்ணாடி போலிருந்த பழைய பூச்சு ஒட்டின இடத்தைச் சுற்றி ஒரு முழ அளவுக்கு உரிந்து விழுந்தது. கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய அந்தச் சுவரை மீண்டும் அதே போல் செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. ஒரு குழாயின் விலையையும் அந்தச் சுவரின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குழாய் வேலைக்காரன், காரைக்குடி

இந்தத் தொழிலில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். ஐயா சொன்ன விரிசல் கதையை நானும் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாஷர் மாற்றுவதையும் குழாயை மாற்றுவதையும் அவர் ஒன்றாகக் கட்டியதை ஏற்க முடியாது. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

வாஷர் மாற்றும்போது நீங்கள் கழற்றுவது குழாயின் தலையை மட்டுமே. ஒரு ஸ்பேனரால் தலையைத் திருகும்போது, இன்னொரு ஸ்பேனரால் குழாயின் உடம்பை எதிர்ப்பக்கமாக அசையாமல் பிடித்துக்கொண்டால், முறுக்கு அந்த இரண்டு கைகளுக்கு நடுவிலேயே தீர்ந்துவிடும், சுவருக்குள் போகாது. இரண்டாவது ஸ்பேனரை யாரும் பிடிப்பதில்லை என்பதுதான் குறை. முழுக் குழாயைக் கழற்றும்போது அந்த வசதி கிடையாது. நீங்கள் எதிர்ப்பிடி கொடுக்க வேண்டிய எல்போ சுவருக்குள் புதைந்திருக்கிறது. அதை எந்த ஸ்பேனராலும் பிடிக்க முடியாது. ஆகவே, எதிர்ப்பிடி கொடுக்க முடிகிற இடம் வரை வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யலாம், அதற்கு மேல் எங்களைக் கூப்பிடுங்கள் என்பேன். ஒரு வாஷருக்காகக் காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு வந்து போனால், வாஷரின் விலையைப் போல் பல மடங்கு கூலியை நான் கேட்க வேண்டியிருக்கும். அதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஆச்சி, ஒன்றைக் கவனியுங்கள். புதிய வாஷர் போட்டு ஒரு மாதத்துக்குள் மறுபடி சொட்டினால், இன்னொரு வாஷர் வாங்காதீர்கள். வாஷர் போய் உட்கார்கிற பித்தளை விளிம்பு அரித்துப் பள்ளமாகியிருக்கும். அதைச் சீவிச் சமப்படுத்தத் தனிக் கருவி வேண்டும். சொட்டுகிறதே என்று குழாயை மேலும் மேலும் இறுக்கி மூடுகிறவர்கள்தான் அந்த விளிம்பைக் கெடுக்கிறார்கள். கால் சுற்றில் திறந்து மூடும் புதுவகைக் குழாய்களில் வாஷரே இல்லை. பீங்கான் தகடு வைத்த கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதை முழுதாக மாற்ற வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற பொறியாளர், பள்ளத்தூர்

தம்பி சொல்லும் எதிர்ப்பிடிக் கணக்கு எனக்குப் புரிகிறது, நல்ல அளவுகோல்தான். ஆனால் அதைப் படிக்கிற எல்லோரும் உங்களைப் போல் கை அளவு தெரிந்தவர்கள் அல்லர். பிளாஸ்டிக் மரையில் உலோகக் குழாயை ரெஞ்சு வைத்து இறுக்கி வெடிக்க விடுகிறவர்களையும், கசியாமலிருக்க மரையில் சுற்றும் டெஃப்லான் டேப்பை எதிர்த்திசையில் சுற்றி, மாட்டும்போதே அது உருண்டு வெளியே வருவதைப் பார்த்துத் திகைக்கிறவர்களையும் நான் அறிவேன்.

இன்னொரு செய்தி. தொட்டி மொட்டை மாடியில் இருக்கிற வீட்டில், குழாய்க்கும் தொட்டி நீர்மட்டத்துக்கும் 6 மீட்டர் உயர வேறுபாடு என்றால், கிடைக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.6 கிலோதான், 10 மீட்டருக்கு 1 கிலோ என்பது பொதுக் கணக்கு. பழைய ஜி.ஐ. குழாய்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே அந்தக் குறைந்த அழுத்தத்தால்தான். இப்போது விருந்தினருக்கு ஷவர் நன்றாக வர வேண்டும் என்று பிரஷர் பம்ப் மாட்டுகிறார்கள். அழுத்தம் மூன்று மடங்கானதும், துருவே அடைப்பாக இருந்து காப்பாற்றி வந்த மரைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கசியத் தொடங்குகின்றன. பம்ப் மாட்டியது வீட்டுக்காரர் விருப்பம். பழி மட்டும் குழாய்க்காரர் மேல்.

குழாய் வேலைக்காரன், காரைக்குடி

பம்ப் விஷயத்தில் ஐயாவுடன் முழு உடன்பாடு. அப்படிக் கேட்டு வருகிற வீடுகளில், பழைய குழாயைச் சுவருக்குள்ளேயே செயலிழக்கச் செய்துவிட்டு, சுவருக்கு வெளியே கண்ணில் படும்படி சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அழகு கெடுகிறது என்பார்கள். சுவரைக் கொத்தினால் கெடுவது அதைவிடப் பெரிய அழகு. டேப் பற்றி ஒரு வரி: மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் ஓடும் திசையில் சுற்ற வேண்டும்.

புதுவயல் வாசகர்

குளியலறைத் தண்ணீர் போகாமல் தேங்கினால் ஆசிட் ஒரு பாட்டில் ஊற்றினால் போதும். இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

தேவகோட்டைக் குடித்தனக்காரர்

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நம் வீட்டுத் தரைகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் அன்று. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊற வைத்துப் பதப்படுத்தியது. ஆசிட் பட்ட இடத்தில் நுரைத்துக்கொண்டு மேல் வண்ணத்தைத் தின்றுவிடும். நான் குடியிருக்கும் வீட்டில் முந்தைய குடித்தனக்காரர் ஊற்றிய ஆசிட்டின் சுவடு, கழிநீர்த் துளையைச் சுற்றி நாணய அளவுப் புள்ளிகளாக இன்றும் இருக்கிறது. எத்தனை தேங்காய் எண்ணெய் தேய்த்தாலும் அந்தப் பூக்கோலம் திரும்பி வராது. தரையை விடுங்கள், ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்ட துளையில் ஆசிட்டை ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

தேங்குகிற தண்ணீருக்குக் காரணம் பெரும்பாலும் முடியும் சோப்புப் பசையும்தான். மேலே உள்ள சல்லடையைத் தூக்கி, உள்ளே இருக்கும் டிராப்பின் (தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் அமைப்பின்) கிண்ணத்தைக் கையால் எடுத்துக் கழுவினாலே பாதி வீடுகளில் சரியாகிவிடும். அருவருப்பான வேலைதான், ஆனால் ஆபத்தில்லாதது.

ஆச்சிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மேல்நாட்டுக் கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி சத்தமே இல்லாமல் கசிகிறதா என்று பார்க்க, தொட்டிக்குள் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைப் போட்டுவிட்டு, யாரும் பயன்படுத்தாமல் 20 நிமிடம் காத்திருங்கள். கீழே பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே உள்ள ரப்பர் போய்விட்டது என்று பொருள். அதை மாற்ற, முதலில் பக்கத்தில் இருக்கும் 'ஆங்கிள் காக்' என்ற சிறிய வால்வை மூட வேண்டும். சுவரைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

சாவிக்கார ஆச்சி, கானாடுகாத்தான்

கேசரிப் பவுடர் சோதனை செய்தேன். மேல்மாடிக் கழிப்பறை சிவந்துவிட்டது. நன்றி தம்பி.

என் உண்மையான கவலை வேறு. எங்கள் வீடு ஆண்டில் 10 மாதம் பூட்டித்தான் கிடக்கிறது. முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கிறோம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கழிவுநீர் நாற்றமும் கரப்பான் பூச்சியும் எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பூட்டும்போது குழாய்களில் தண்ணீரை நிறுத்தி வைக்க வேண்டுமா, வடித்துவிட வேண்டுமா?

ஓய்வுபெற்ற பொறியாளர், பள்ளத்தூர்

நிறுத்தி வையுங்கள். வடித்துவிட்டால் ரப்பர் வாஷர்கள் எல்லாம் காய்ந்து சுருங்கி, திறந்த அன்றே ஒழுகும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரை மாதம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்து மூடச் சொல்லுங்கள்.

குழாய் வேலைக்காரன், காரைக்குடி

ஐயா சொல்வது மாதாமாதம் நம்பிக்கையாக வருகிற ஆள் இருக்கிற வீட்டுக்குப் பொருந்தும். அப்படிப்பட்ட ஆள் வாய்த்த வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தில் அவரோடு மாறுபடுகிறேன். பூட்டிய வீட்டில் மேல்மாடி இணைப்புக் குழாய் ஒன்று வெடித்தால், 1,000 லிட்டர் தொட்டியும் யாருக்கும் தெரியாமல் பர்மாத் தேக்கு உத்தரத்தின் மேல் வடிந்து முடியும். காய்ந்த வாஷரால் வருகிற நட்டம் சில ரூபாய். தேக்கும் பூச்சும் நனைந்தால் வருகிற நட்டத்துக்குக் கணக்கே இல்லை. தொட்டியின் வெளியேறு வால்வை அடைத்துவிட்டு, கீழ்க்கட்டில் உள்ள கடைசிக் குழாயைத் திறந்து குழாய்வழியை வடித்துவிடுங்கள். மோட்டாரின் மின்சாரத்தையும், கீசர் இருந்தால் அதன் மின்சாரத்தையும் நிறுத்திவிடுங்கள். கீசரைப் பற்றி ஒன்று: சூடேறும்போது அதன் பாதுகாப்பு வால்விலிருந்து சில சொட்டு விழுவது இயல்பு. அதை யாரும் அடைத்துவிட வேண்டாம். அடைத்தால் அழுத்தம் போக வழியில்லாமல் தொட்டியே வெடிக்கலாம்.

நாற்றத்துக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு டிராப்பிலும் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கிற தண்ணீர்தான் கழிவுக்குழாய்க்கும் வீட்டுக்கும் இடையே மூடியாக இருக்கிறது. சித்திரை வெயிலில் சில வாரங்களில் அது வற்றிவிட்டால், நாற்றத்துக்கும் பூச்சிக்கும் வழி திறந்துவிடும். பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் ஆவியாகாது, தண்ணீரையும் ஆவியாக விடாது.

சாவிக்கார ஆச்சி, கானாடுகாத்தான்

தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துவிடுமே?

குழாய் வேலைக்காரன், காரைக்குடி

தையல் எந்திர எண்ணெய் ஊற்றுங்கள். உறையாது, எறும்பும் வராது.

ஓய்வுபெற்ற பொறியாளர், பள்ளத்தூர்

உத்தரத்தைச் சொன்னதும் என் வாயை அடைத்துவிட்டீர்கள் தம்பி. ஆளில்லாத வீட்டுக்கு வடிப்பதே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவருக்குள் கைவைக்கக் கூடாது என்பதில் நான் இறங்கி வர மாட்டேன்.

சாவிக்கார ஆச்சி, கானாடுகாத்தான்

இன்று காலை வடித்துப் பூட்டலாம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். தையில் நான் அடைத்தது தாழ்வாரத்துக் கிளைக்கு மட்டுமான வால்வு. தொட்டியின் பெரிய வால்வை எத்தனை ஆண்டுகளாக யாரும் தொடவில்லை என்று தெரியவில்லை. சக்கரம் அசையவே இல்லை. ஸ்பேனரை மாட்டித் திருகலாம் என்று கை போனது. அந்த வால்வுக்கு அந்தப் பக்கம் தொட்டியின் துளை. எதிர்ப்பிடி எங்கே கொடுப்பது என்று தெரியவில்லை. விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

குழாய் வேலைக்காரன், காரைக்குடி

நல்ல வேளை ஆச்சி. இப்படிச் சக்கரம் வைத்த கேட் வால்வை ஆண்டுக்கு இரண்டு முறையாவது மூடித் திறக்காவிட்டால் இப்படித்தான் இறுகிக்கொள்ளும். வியாழக்கிழமை வருகிறேன், உள்ளே உருண்டை வைத்த, கால் சுற்றில் மூடுகிற 'பால் வால்வாக' மாற்றிவிடலாம். அதற்கு முன் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மோட்டாரை நாளையிலிருந்தே போடாமல் இருங்கள். இருக்கிற தண்ணீரைத் தோட்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

சாவிக்கார ஆச்சி, கானாடுகாத்தான்

சரி தம்பி, வியாழக்கிழமை வாருங்கள். செலவை நான்காகப் பங்கிட்டு எழுதிக் கொடுங்கள். கொழுந்தனாருக்கு அவர் பங்கை நானே அனுப்புகிறேன்.