கரையில் பொறுக்கிய போளைகள்: பழசா, புதுசா?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அங்கால் உள்ள கரையில் கண்ணாடித் துண்டுகள் பொறுக்குவது என் பழக்கம். தென்மேல் பருவக்காற்றில் கடல் அடித்த பிறகு சில போளைகளும் (கண்ணாடிக் கோலிக்குண்டுகள்) அகப்பட்டன. பார்த்துச் சொல்ல ஆள் தேவை.

பெரும்பாலானவை வெளிர் பச்சை, உள்ளே கோடு எதுவும் இல்லை. பழைய சோடாப் போத்தலின் கழுத்துக் குண்டுகள் என்றே நினைக்கிறேன். ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை எடுத்த அதே போத்தல்தான்.

குழப்புவது ஒரே ஒரு போளைதான். உள்ளே வெள்ளையும் சிவப்பும் முறுக்கிக்கொண்டு போகின்றன. ஒரு முனையில் நகத்தால் தடவினால் சின்னச் சொரசொரப்பு, மறுமுனையிலும் லேசாக ஏதோ தெரிகிறது. ஜெர்மனியில் கையால் செய்த பழைய போளைகளில் கண்ணாடிக் கோலிலிருந்து வெட்டிய தழும்பு இருக்கும், இயந்திரப் போளையில் இராது. ஆனால் கடல் உரசி மேற்பரப்பு முழுக்க மங்கிவிட்டது. இது வெட்டுத் தழும்பா, கல்லில் மோதிய காயமா என்று எப்படிப் பிரித்தறிவது?

தண்ணீரில் நனைத்தால் நிறம் பளிச்சென்று வருகிறது, காய்ந்ததும் போய்விடுகிறது. பொலிஷ் பண்ணித் தருகிறேன் என்று தெரிந்த தம்பி ஒருவர் நிற்கிறார். தேய்த்தால் சேகரிப்பவர்கள் மதிக்கமாட்டார்கள், அதனால் கொடுக்கவில்லை.

கொழும்பில் பழைய போளை சேகரிக்கும் அண்ணாமார், அக்காமார் இருந்தால் நேரில் கொண்டுவந்து காட்டுவேன். விற்கிற எண்ணம் இல்லை. அப்புறம், புற ஊதா டோச் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி அதில் பச்சையாக ஒளிரும், அதையும் ஒருக்கால் பார்த்துவிடலாம்.