18 அங்குல டிடெக்டர் காயிலும் துவரம்பருப்பு அளவுத் தங்கமும்

கே.ஆர். புரத்துக்காரன்:
தாத்தா கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். அந்தத் தங்கக் கிறுக்கு எனக்கும் கொஞ்சம் உண்டு. கம்பெனி இரண்டு வருடம் மெல்போர்னுக்கு அனுப்பியபோது சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஊர் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் தங்கம் தேட ‘மைனர்ஸ் ரைட்’ என்று ஒரு அனுமதிச் சீட்டு, 10 வருடம் செல்லும். அதை வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ஆனால் பழைய தங்க ஊரான டுனோலி பக்கம் கிளம்பிவிடுவேன்.

பழைய பல்ஸ் இண்டக்‌ஷன் மிஷின் ஒன்று (மண்ணுக்குள் காந்தத் துடிப்பு அனுப்பி உலோகம் தேடும் டிடெக்டர்), கூடவே அதன் நுனியில் மாட்டும் 11 அங்குல வட்டக் காயில், அதாவது கம்பிச்சுருள். பேராசை யாரை விட்டது? பெரிய காயில் ஆழம் போகும் என்று கேட்டு 18 அங்குல மோனோ (அனுப்பவும் வாங்கவும் ஒரே சுருள்) வாங்கினேன். போகும்தான், ஆனால் அது பெரிய கட்டிக்கு. சின்னத் தங்கத்தின் சத்தம் அந்த அகலத்தில் கரைந்துபோகிறது. மண்ணிலுள்ள இரும்பையும் அதே காயில் சேர்த்து அள்ளுவதால் காதில் ஓயாத முனகல் வேறு. மூன்று வாரத்தில் கிடைத்தது ஆணி, ஈயக்குண்டு, தோள்வலி.

அங்கே பழக்கமான ஒரு பெரியவரிடமும் அதே மிஷின். “இதை வைத்துக்கொண்டு வேருக்கு நடுவில் எப்படி நுழைவாய்?” என்று சிரித்துவிட்டு, தன் சின்ன நீள்வட்டக் காயிலை மாட்டிவிட்டார். அகலம் ஒரு சாண்கூட இருக்காது. மோனோவில் சின்னத் தங்கத்துக்கு விளிம்பில்தான் காது கூர்மை. காயிலின் மூக்கை வேரிடுக்கில் விட்டு மெதுவாக நகர்த்தச் சொன்னார். நாலு விரற்கடை ஆழத்தில் 0.6 கிராம். துவரம்பருப்பு மாதிரி இருந்தது. கை நடுங்கிவிட்டது எனக்கு.

இன்னொன்று. பக்கத்து மோலியாகுலில் 1869இல் கிடைத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டியில் சுமார் 70 கிலோ தங்கம். கிடந்தது வெறும் 3 செ.மீ. ஆழத்தில்! நான் 18 அங்குலத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

ஓசூர் ரோடு அக்கா:
எங்கள் வீட்டில் வி.எல்.எஃப். மிஷின், தம்பி; துடிப்பு இல்லாமல் தொடர்ந்து தாழ் அலை அனுப்பும் வகை. மொட்டைமாடித் தொட்டியில் என் மோதிரத்தைப் புதைத்துப் பார்த்தோம். தளத்துக் கம்பி போட்ட கூச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் ஹொசகோட்டே மனையில், செம்மண்ணில். 11 அங்குல டபுள் டி காயில் (D வடிவில் இரண்டு சுருள்) மோதிரத்தைப் பிடித்தது, மூக்குத்தியைத் தவறவிட்டது. 5 அங்குலம் அதையும் பிடித்தது. ஆனால் சின்னக் காயிலை வைத்து ஒரு மனையைத் தடவி முடிக்க அரைநாள் ஆகிறது. வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் வைத்த கான்சென்ட்ரிக் காயில் போட்டால் அந்தச் செம்மண்ணில் ஒரே சலசலப்பு. டபுள் டி எவ்வளவோ அமைதி.

மாரிக்குப்பம் பாசஞ்சர்:
அண்ணா, நம்ம ஊர் சயனைடு மேட்டுக்கு எந்தக் காயில் சரிவரும்? ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறேன்.

கே.ஆர். புரத்துக்காரன்:
எதுவும் சரிவராது தம்பி. அது மில்லில் அரைத்து, தங்கத்தைக் கரைத்தெடுத்த பிறகு கொட்டின மண். மிச்சம் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத தூள். டிடெக்டருக்குக் கட்டியாக வேண்டும். அதோடு 2001இல் சுரங்கத்தை மூடினாலும் இடம் சும்மா கிடக்கிற இடமில்லை, அனுமதி இல்லாமல் தோண்டினால் வழக்குதான். ஆசையாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கே.ஆர். புரம் வா, என் மிஷினைத் தருகிறேன். 18 அங்குலக் காயிலையும் வேண்டுமானால் எடுத்துக்கொள், பரண்மேல்தான் கிடக்கிறது.