ஜிப்சி: 60 தாண்டினா ஸ்டீரிங் உதறுது, உதவி பண்ணுங்க

கெடிலக்கரை
வணக்கம். பழைய மாருதி ஜிப்சி ஜீப் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. 60 தாண்டி ஒரு குழியில இறங்கினா போதும், ஸ்டீரிங் உதற ஆரம்பிக்குது, கையில பிடிக்க முடியல. அலைன்மென்ட், பேலன்சிங் ரெண்டும் பண்ணியாச்சு. அடுத்த மாசம் ஜவ்வாது மலை, அதுக்கப்புறம் இமாச்சல்ல ஸ்பிட்டி பிளான். தெரிஞ்சவங்க சொல்லுங்க, அவசரம்.

வில்லியனூர் வண்டி
எந்த வருஷ வண்டி? டயர் என்ன அளவு? தூக்கிப் போட்டிருக்கா? ரிம் கம்பெனியா, வெளியே வாங்கினதா? இது எதுவும் சொல்லாம கேட்டா ஜோசியம்தான் சொல்ல முடியும்.

உப்பளத்தான்
ஸ்டீரிங் டேம்பர் (ஸ்டீரிங் அதிர்வை அடக்குற ஷாக்) போயிருக்கும் ப்ரோ. புதுசு போடுங்க, அரை மணி நேர வேலை. ஜிப்சில 10க்கு 8 கேஸ் இதான்.

பட்டைஸ்பிரிங்
டேம்பர் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. நல்ல நிலைமையில இருக்கிற ஜிப்சி டேம்பரைக் கழட்டிட்டு ஓட்டினாலும் உதறக் கூடாது. உதறினா வேற எங்கயோ ஆட்டம் இருக்கு. அதுக்கு மேல டேம்பர் போடறது ஓட்டையை அடைக்காம படகுல தண்ணி இறைக்கிற கதை. நாலு மாசம் ஓடும், திரும்ப ஆரம்பிக்கும்.

கெடிலக்கரை, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. 60ல ஆரம்பிச்சு 80ல தானா அடங்குதா, இல்ல பிரேக் பிடிச்சு 30க்கு இறக்கினாத்தான் நிக்குதா? தானா அடங்கினா டயர், ரிம், பேலன்சிங் பக்கம் தேடலாம். பிரேக் பிடிச்சாத்தான் நிக்குதுன்னா கிங்பின் (சக்கரம் திரும்புற அச்சு), கேஸ்டர் (அந்த அச்சோட முன்பின் சாய்வு), டோ (முன் சக்கரங்கள் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கிற அளவு) இந்த மூணுல ஒண்ணு.

மூத்தசாவி
வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பொறுமை இல்லாதவங்க 20 வருஷ வண்டியை வாங்கி ஸ்பிட்டி கிளம்புறீங்க. முன்னாடி ஆக்சில் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க தம்பி. "அலைன்மென்ட் பண்ணியாச்சு"ன்னு சொல்றதுலயே தெரியுது. இது ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டு இணைக்கிற முழு ஆக்சில் வண்டி. இதுல திருக முடியறது டோ ஒண்ணுதான். கேம்பருக்கும் (சக்கரத்தோட பக்கவாட்டுச் சாய்வு) கேஸ்டருக்கும் திருகாணியே கிடையாது. கடையில மூணும் சரி பண்ணோம்னு பில் குடுத்திருந்தா, ரெண்டுக்கு சும்மா காசு வாங்கியிருக்காங்க.

கெடிலக்கரை
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். 2003, பெட்ரோல் எம்பிஎஃப்ஐ, பாண்டி நம்பர். டயர் 235/75 ஆர் 15, ரிம் 8 இன்ச் அகலம். ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங்கை சேசிஸோட இணைக்கிற தகடு) கம்பெனியை விட 50 மிமீ நீளமானது போட்டிருக்கு, பழைய ஓனர் வேலை. பிரேக் பிடிச்சாத்தான் நிக்குது. பில்லுல மூணும்தான் இருக்கு.

வில்லியனூர் வண்டி
பாருங்க, பாதி பதில் இதுலயே வந்துடுச்சு.

கம்பெனி டயர் 205/70 ஆர் 15, விட்டம் 668 மிமீ. உங்க டயர் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெருசு, மீட்டர்ல 60ன்னா நிஜத்துல 66ல போறீங்க. எடையும் கூட. அதை விட மோசம் அந்த 8 இன்ச் ரிம். அகல ரிம்ல ஆஃப்செட் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும். டயர் மையம் கிங்பின் கோட்டை விட்டு எவ்வளவு வெளியே போகுதோ அவ்வளவு நீள நெம்புகோல்னு வச்சுக்கோங்க. ரோட்டுல வர்ற ஒவ்வொரு குழியும் அந்த நெம்புகோலைப் பிடிச்சு ஸ்டீரிங்கைத் திருப்பும்.

ரிம்மோட நடு ஓட்டை ஹப்ல இறுக்கமா உட்காருதான்னு பாருங்க. அஞ்சு போல்ட், 139.7 மிமீ பிசிடி (போல்ட் வட்டத்தோட விட்டம்), இது வேற வண்டிக்கும் பொருந்தும், அதனால எதையாவது மாட்டி விட்டுடுவாங்க. ஓட்டை பெருசா இருந்தா வீல் போல்ட்லயே தொங்கும், மையத்துக்கு வராது. பேலன்சிங் மிஷின்ல சரியா காட்டும், வண்டியில ஆடும்.

பட்டைஸ்பிரிங்
ரிம்மும் டயரும் உதறலைப் பெருசாக்கும், ஆரம்பிச்சு வைக்காது. நான் கிங்பின்னுதான் சொல்வேன். வீட்டுலயே பார்க்கலாம்.

பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல் வைங்க. முன் ஆக்சிலை ஜாக்கில தூக்கி, கீழ ஸ்டாண்ட் முட்டுக் குடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி கை வைக்காதீங்க. டயரை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா, ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டுத் திரும்ப ஆட்டுங்க. ஆட்டம் போயிடுச்சுன்னா வீல் பேரிங். பிரேக் மிதிச்சும் ஆடுதுன்னா கிங்பின். அப்புறம் டயரை இடது வலதா பிடிச்சு ஆட்டுங்க, டை ராட் எண்ட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற ஸ்டீரிங் கம்பியோட முனை) லூசா இருந்தா இதுல தெரியும்.

கடைசியா வண்டியைத் தரையில இறக்கி, இன்ஜின் ஆஃப்ல ஸ்டீரிங்கை ரெண்டு விரல் அகலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒருத்தர் ஆட்டட்டும். நீங்க கீழ படுத்து ஒவ்வொரு ஜாயின்ட் மேலயும் கை வைங்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியும். பட்டை புஷ்ஷையும் ஷாக்கிள் போல்டையும் விடாதீங்க.

உப்பளத்தான்
இவ்வளவு வேலைக்கு முன்னாடி 2,000 ரூபாய் டேம்பரைப் போட்டுப் பார்க்கிறதுல என்ன நஷ்டம்?

பட்டைஸ்பிரிங்
உதறல் மறைஞ்சிடும், அதான் நஷ்டம். ஸ்பிட்டி ரோட்டுல 10 நாள் அடி வாங்கின பிறகு, ஒர்க்ஷாப்பே இல்லாத இடத்துல திரும்பி வரும்.

லேத்துக்காரர்
ரெண்டு பேரும் ஷாக்கிளை விட்டுட்டீங்க. ஜிப்சியில முன் பட்டைக்கு ஷாக்கிள் முன்பக்கம் இருக்கு. அதை 50 மிமீ நீட்டினா வண்டி 25 மிமீ ஏறும், அதோட பட்டை முன்னால சாயும். பட்டை கண்ணுக்குக் கண் 900 மிமீ சொச்சம்னு வச்சுக்கிட்டா 50ஐ 900ஆல வகுத்துப் பாருங்க, சாய்வு ஏறக்குறைய 3 டிகிரி. கிங்பின் தலை அந்த அளவு முன்னால போகும். ஒரிஜினல் கேஸ்டரே மூணரை டிகிரிதான். மிச்சம் அரை டிகிரி. ஸ்டீரிங் தானா நேருக்கு வரணும்னா கேஸ்டர் வேணும். அது இல்லாத வண்டி சின்ன அடிக்கும் அலையும்.

வழி ரெண்டு. பழைய ஷாக்கிளுக்கே திரும்பலாம். இல்லன்னா பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு வைக்கலாம், 2லேர்ந்து 2.5 டிகிரி. இரும்புல செய்யணும், அலுமினியம் நசுங்கும். சென்டர் போல்ட் நீளமானது வேணும்.

வில்லியனூர் வண்டி
ஆப்புல தடிச்ச பக்கம் பின்னாடிதானே?

லேத்துக்காரர்
இல்ல, முன்னாடி. ஜிப்சியில ஆக்சில் பட்டைக்கு மேல உட்காருது. முன் விளிம்பைத் தூக்கினாத்தான் கிங்பின் தலை பின்னால சாயும். மாத்தி வச்சா இருக்கிற அரை டிகிரியும் மைனஸ்ல போகும். இன்னொண்ணு, ஆப்பு வச்சா டிஃபரன்ஷியல் மூக்கு கீழ இறங்கும், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் கோணம் கூடும். அதனால 3 டிகிரிக்கு மேல போகாதீங்க.

அளக்கும்போது டென்ட், தண்ணி, ஜெர்ரிகேன் எல்லாம் ஏத்திட்டு அளங்க. பின்னாடி பாரம் ஏறினா மூக்கு தூக்கும், கேஸ்டர் கொஞ்சம் கூடும். காலி வண்டியில அளந்து ஆப்பு செஞ்சா கணக்கு தப்பும்.

மூத்தசாவி
எல்லாம் சரி. கடலூர்க்காரர் கெடிலக்கரை பாண்டி நம்பர் வண்டி வச்சிருக்காரே, அதை யாரும் கேக்கலயே? வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா மறுபதிவு பண்ணணும், மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவு. என்.ஓ.சி. ஃபார்ம் 28, பேர் மாத்த 29, 30. இங்க வரி தனியா கட்டணும்.

தேவனாம்பட்டினம்
சார், கடலூர் முழுக்க பாண்டி நம்பர்தான் ஓடுது. பாலத்தைத் தாண்டினா மாநிலம் மாறுற ஊர்ல இதெல்லாம் யார் பார்க்கிறா?

மூத்தசாவி
பார்க்கிற அன்னைக்குத் தெரியும். அதோட இது 2003 வண்டி. 15 வருஷம் முடிஞ்சு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஃபார்ம் 25 போட்டுப் புதுப்பிக்கணும். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டின காருக்குக் கட்டணம் 10,000. 52வது பிரிவுல மாற்றம் பத்தி என்ன இருக்கு, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னு படிங்க. 182ஏ-ல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 அபராதம், இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில். அந்த ஷாக்கிளும் கணக்குல வரும்.

உப்பளத்தான்
எஃப்.சி. அன்னைக்குப் பழைய டயரை மாட்டிட்டுப் போறதுதான் ஊர் வழக்கம்.

மூத்தசாவி
அதைப் பொதுவுல எழுதறீங்க பாருங்க.

தேவனாம்பட்டினம்
அப்ப முன்னாடி இரும்பு பம்பர் போட்டவங்க?

மூத்தசாவி
அதுக்கு எதிரா 2017 டிசம்பர்லயே மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியாச்சு.

வில்லியனூர் வண்டி
சட்டத்துக்குத் தனி இழை போடுங்கப்பா. ஆனா புதுப்பிக்கும்போது ஒண்ணு உதவும். சேசிஸ் நம்பர் பொறிச்ச இடத்தைத் துரு தின்னுருக்கான்னு இப்பவே பாருங்க. கடற்கரை வண்டியில அது மழுங்கியிருக்கும். இன்ஸ்பெக்டர் பென்சில் தேய்ச்சு எடுக்கிறப்ப எழுத்து வரலன்னா பெரிய அலைச்சல். சுரண்டாதீங்க. டீசல்ல துணி நனைச்சுத் துடைச்சு, கிரீஸ் பூசி வைங்க. பின் ஷாக்கிள் மாட்டுற இடம், டிரைவர் காலடித் தகடு, பாடி மவுன்ட், இந்த மூணையும் சின்னச் சுத்தியால தட்டிப் பாருங்க. நல்ல இரும்புல டங்குனு கேக்கும், துரு பிடிச்சதுல தொப்புனு கேக்கும்.

கெடிலக்கரை
பார்த்தேன். வலது பக்கம், பிரேக் மிதிச்சும் ஆடுது. நக்கிளுக்கு (கிங்பின்ல திரும்புற, சக்கரத்தைத் தாங்குற மூட்டு) பின்னாடி கறுப்பா எண்ணெய் கசியுது. பட்டறையில ஷிம் (இடைவெளியைச் சரி பண்ற மெல்லிய தகடு) எடுத்து இறுக்கினா போதும்ங்கிறாங்க. போதுமா?

பட்டைஸ்பிரிங்
போதாது. பேரிங்கைக் கண்ணால பார்க்காம ஷிம்மைத் தொடாதீங்க.

கிங்பின் பேரிங் முழுச் சுத்து சுத்தாது, கொஞ்ச தூரம்தான் ஆடும். வருஷக்கணக்கா நேராப் போறப்ப ஒவ்வொரு உருளையும் ஒரே இடத்துலயே அடி வாங்குது. கப்பை (பேரிங்கோட வெளி வளையம்) கழட்டித் துடைச்சு வெயில்ல காட்டுங்க, உருளை நின்ன இடமெல்லாம் நகத்தால அழுத்தின மாதிரி வரிசையாக் கோடு தெரியும். டை ராடைக் கழட்டிட்டு நக்கிளைக் கையால திருப்பினா நேர் நிலையில "டக்"னு ஒரு பள்ளத்துல விழும். அப்படி இருக்கிற பேரிங்கை ஷிம் எடுத்து இறுக்கினா நேருல சரியா இருக்கும், திருப்பத்துல பிடிச்சுக்கும்.

கறுப்பு எண்ணெய்னா ஆக்சில் உள் சீல் போய் டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிள் கிரீஸைக் கரைச்சிருக்கு. நக்கிளுக்குள்ள இருக்கிற ஆக்சில் முனை உருண்டை மேல துருப்புள்ளி இருக்கான்னு பாருங்க. உப்புக்காத்துல புள்ளி விழும், அது புது சீல் உதட்டையும் அறுத்துடும். நைசான எமரித் தாளால தேய்ச்சுடுங்க.

வேலை வரிசை: முதல்ல முன் டிஃபரன்ஷியல் ஆயிலை இறக்குங்க, சுமார் 2 லிட்டர், திரும்ப ஊத்த 80 டபிள்யூ 90. பிரேக் காலிப்பரைக் கம்பியில கட்டித் தொங்க விடுங்க, ஹோஸ்ல தொங்கக் கூடாது. ஹப், ஆக்சில் ஷாஃப்ட், பின்னாடி சீல் வளையம், கிங்பின்னு கழட்டிக்கிட்டே வாங்க. கீழ் கிங்பின் எடுக்கிறப்ப பேரிங் நழுவி விழும், கை வச்சுப் பிடிங்க. மேல் ஷிம், கீழ் ஷிம், இடது, வலதுன்னு தனித்தனியாக் கம்பியில கோத்து வைங்க. கலந்தா போச்சு. ரெண்டு பக்கமும் சேர்த்து பேரிங் நாலு, நாலையும் மாத்துங்க. புது கப்பைப் பழைய கப்பை மேல வச்சுத் தட்டி இறக்குங்க, சுத்தியால நேரா அடிக்காதீங்க.

பூட்டினதும் சீல் போடறதுக்கு முன்னாடி டை ராட் ஓட்டையில ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுங்க. துறைமுகத்துல மீன் எடை போடற தராசே போதும். நக்கிள் நகர ஆரம்பிக்கிற இடத்துல 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவுல காட்டணும். குறைஞ்சா ஷிம் எடுங்க, கூடினா சேருங்க, மேலயும் கீழயும் சமமா. ஒரு பக்கம் மட்டும் எடுத்தா ஆக்சில் ஷாஃப்ட் மையம் விட்டுப் போகும்.

கடைசியா டோ. 2லேர்ந்து 6 மிமீ, முன்பக்கம் உள்நோக்கி.

உப்பளத்தான்
காத்து எவ்வளவு வச்சிருக்கார்னு யாரும் கேக்கல. லேசான வண்டியில 32 வச்சா பந்து மாதிரி குதிக்கும். 24 வைங்க. டேம்பரையும் மாத்துங்க 🙂

கெடிலக்கரை
அப்டேட். வலது மேல் பேரிங்ல சொன்ன மாதிரியே கோடு, கீழ்ப் பேரிங்ல உருளை ரெண்டு உரிஞ்சிருந்துச்சு. நாலும் மாத்தியாச்சு, சீலும் மாத்தியாச்சு. தராசுல 1.4. ஆப்பு வைக்கல, பழைய ஷாக்கிளே போட்டாச்சு. இப்ப டயர் ஃபெண்டர்ல உரசுது, 215/75க்கு மாறலாம்னு இருக்கேன். 85 வரைக்கும் உதறல் இல்ல. டேம்பர் பழசேதான். நன்றி.

உப்பளத்தான்
அப்ப டேம்பர் நல்லாத்தான் இருந்திருக்கு.

பட்டைஸ்பிரிங்
😀 டோ எவ்வளவு வச்சீங்க? ஷிம் எத்தனை எடுத்தீங்க? எழுதி வைங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

லேத்துக்காரர்
ரிம் மாத்தினீங்களா, அதே 8 இன்ச்தானா?

காரைக்கால் பெட்ரோல்
வணக்கம், என் வண்டியும் 60ல உதறுது. அலைன்மென்ட் பண்ணியாச்சு. என்ன பண்ணலாம்?

மூத்தசாவி
மேல போய் முதல்லேர்ந்து படிங்க.