ஆல்பம் வேலை, வெப் டிசைன்: 20 கோர் ஐ7 தேவையா, ஐ5 போதுமா?

திண்டுக்கல்_டிசைனர்
வணக்கம். கல்யாண ஆல்பம் டிசைனும், சின்னக் கடைகளுக்கு வேர்ட்பிரஸ் தளமும் செய்து தருகிறேன். இப்போது இருப்பது ஐ5 7400 பிராசஸர், 16 ஜிபி டிடிஆர்4 ராம், சாட்டா எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்கான மைக்ரோசாஃப்ட் பட்டியலில் என் பிராசஸர் இல்லை. மானிட்டர் இருக்கிறது. மற்றதற்கு 80 ஆயிரம் வரை போகலாம். கடைக்காரர், "ஐ7 14700 போடுங்க, 20 கோர், பத்து வருஷத்துக்கு யோசிக்கவே வேண்டாம்" என்கிறார். கோர் என்பது பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதியாம். அந்த ஐ7-ஐப் போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்குக் காசு மிஞ்சாது. வீடியோ வேலை கிடையாது. என்ன செய்யலாம்?

எட்டுக்கோர்
கடைக்காரர் சொல்வது சரிதான். ஒரு கல்யாணத்துக்கு 2000 ரா படம் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக் கோப்பு) வரும். லைட்ரூமில் (படங்களைத் திருத்தும் அடோபி மென்பொருள்) பிரிவியூ கட்டும்போதும் ஜேபெக் எக்ஸ்போர்ட் போடும்போதும் எத்தனை கோர் கொடுத்தாலும் தின்னும். தை, ஆவணி முகூர்த்தத்தில் நாலு ஆர்டர் ஒன்றாக வந்து விழும்போது இதன் அருமை தெரியும். கார்டு அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம், பிராசஸரை அப்படி மாற்ற முடியாது.

பிக்சல்_பாண்டி
எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். அது பத்து நிமிடமானால் என்ன, ஆறு நிமிடமானால் என்ன? ஆல்பம் டிசைனர் நாள் முழுக்க உட்காருவது ஃபோட்டோஷாப்பில். அங்கே கதை வேறு.

ஒரு சோதனை சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் செய்து பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியூ படத்தை ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (கோர் எடுத்து நடத்தும் வேலை வரிசை) தனித்தனிக் கட்டமாகத் தெரியும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஃபோட்டோஷாப்பைத் திறந்து ஹீலிங் பிரஷ் ஓட்டுங்கள், லேயரை இழுங்கள், டெக்ஸ்ட் மாற்றுங்கள். ஒன்றிரண்டு கட்டம்தான் மேலே ஏறும், மற்றவை தரையில் கிடக்கும். கையோடு செய்யும் வேலைக்கு வேண்டியது ஒரு கோரின் வேகம். சில ஃபில்டர்கள் எல்லாக் கோரையும் எடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றை ஒரு நாளில் எத்தனை தடவை அழுத்துவீர்கள்?

ஐ5 14400-இன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். ஐ7 14700 5.4 வரை போகும். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலை வித்தியாசத்தில் ஒரு நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டியும் (சாட்டாவைவிட வேகமான டிஸ்க்) கூடுதல் ராமும் வந்துவிடும்.

எட்டுக்கோர்
உங்கள் சோதனையில் ஃபோட்டோஷாப் மட்டும்தான் ஓடுகிறது. நிஜத்தில் அப்படி யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பின்னால் லைட்ரூம் எக்ஸ்போர்ட், குரோமில் நாற்பது டேப், லோக்கல் சர்வர் (தளத்தைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பது), வாட்ஸ்அப்பில் மாப்பிள்ளை வீட்டார். கோர் குறைவாக இருந்தால் பின்னணி வேலை பிரஷ்ஷின் கையைப் பிடித்து இழுக்கும். "டீ குடிக்கப் போவோம்" என்பது ஒரே ஆர்டர் வைத்திருப்பவர் பேச்சு.

டிவ்_தேவகி
வெப் பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். பிரவுசரில் ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். வேர்ட்பிரஸ் பக்கம் ஒன்றை பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) தயாரிப்பதும் ஒரே த்ரெட்டில்தான். ஃபிக்மா (வெப் டிசைன் வரையும் செயலி) வரைவது கிராபிக்ஸ் சிப்பை வைத்து. நோட் பேக்கேஜ் (ஜாவாஸ்கிரிப்ட் துணைத் தொகுப்புகள்) இறக்கும்போது ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் விழும், அங்கே இழுத்தடிப்பது டிஸ்க்கும், ஒவ்வொன்றையும் சோதிக்கும் ஆன்டிவைரஸும்தான். சின்னக் கடைத் தளம் கட்ட 20 கோர் என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. பாண்டி அண்ணன் பக்கம் நான்.

சித்தப்பா_ஸ்டுடியோ
பிராசஸருக்கு முன்னால் ராமைப் பாருங்கள் தம்பி. 12க்கு 36 இன்ச் ஷீட், 300 டிபிஐ என்றால் 3600க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட 3.9 கோடி பிக்சல். 8 பிட்டில் முழு ஷீட்டை நிரப்பும் ஒரு லேயரே 110 எம்பிக்கு மேல். 16 பிட் என்றால் இரட்டிப்பு. பின்னணி, பூ வேலை, பத்து பன்னிரண்டு படம், மாஸ்க், நிழல் எல்லாம் சேர்த்து, நாலு ஷீட்டை ஒரே நேரத்தில் திறந்து வைத்தால் 16 ஜிபி எங்கே போதும்?

ஃபோட்டோஷாப் சன்னலின் அடியில் இடது ஓரத்தில் கோப்பின் அளவு காட்டும் இடம் இருக்கிறதல்லவா, அதில் அம்புக்குறியை அழுத்தி 'எஃபிஷியன்சி' என்று மாற்றிவிட்டு வேலை பாருங்கள். 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ராம் தீர்ந்து ஸ்க்ராட்ச் டிஸ்க்கில் (ராமுக்குப் பதிலாகப் பயன்படும் டிஸ்க் இடம்) எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஐ7 என்ன, ஐ9 போட்டாலும் நொண்டும்.

திண்டுக்கல்_டிசைனர்
இப்போதே பார்த்தேன். மூன்று ஷீட் திறந்ததும் 80-க்குக் கீழே போகிறது!

ரைசன்_ராசு
அப்படியென்றால் 32 ஜிபி கட்டாயம். ஏஎம்டியின் ரைசன் 5 7600 எடுங்கள். 6 கோர், 5.1 கிகாஹெர்ட்ஸ், கூலரும் பெட்டியிலேயே வரும். அதன் ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) 2027 வரையாவது புதுச் சிப் தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளைக்கு போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றலாம். இன்டெல் 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது. 13, 14-ஆம் தலைமுறைச் சிப்புகள் அதிக வோல்டேஜால் நிலைகுலைந்ததை மறந்துவிட்டீர்களா? 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு வாரன்ட்டியை இரண்டு வருடம் நீட்டியது.

பிக்சல்_பாண்டி
வாரன்ட்டி நீட்டிய பட்டியலையும் சேர்த்துச் சொல்லுங்கள் ராசு. கடைக்காரர் சொன்ன 14700 அதில் இருக்கிறது, 14400 இல்லை. பட்டியலில் உள்ளதை வாங்கினாலும் 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டைப் போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஏஎம்5-இல் இன்னொரு சிக்கல், அது டிடிஆர்5 ராமை மட்டும்தான் ஏற்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றம் தெரியும்தானே? இவர் கையில் 16 ஜிபி டிடிஆர்4 சும்மா இருக்கிறது. 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டு கிடைக்கும். பழைய ராமை அதில் செருகி, இன்னொரு 16 மட்டும் வாங்கினால் போதும்.

ரைசன்_ராசு
2400 வேகப் பழைய ராமைப் புதுப் பிராசஸரில் செருகுவது பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி. ஏழு வருடத்துக்கு மேலான ராம், புது ராமோடு கலந்து போட்டால் ஒத்துப்போகும் என்று யார் உத்தரவாதம் தருவது? நாலு ஷீட் சேமிக்காமல் இருக்கும்போது நீலத் திரை வந்தால் பாண்டி வந்து செய்து கொடுப்பாரா?

பிக்சல்_பாண்டி
ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கும் நிரல்) ஓட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கட்டும். பிழை காட்டினால் பழையதைக் கழற்றி வைக்கட்டும். வேகம் குறையும், அது உண்மை. ஆனால் வேகமான 16 ஜிபியைவிட மெதுவான 32 ஜிபி இவருக்கு உதவும். எஃபிஷியன்சி எண்ணை இவரே பார்த்துவிட்டார்.

மினி_மோகன்
எல்லோரும் அடித்துக்கொள்வதற்குப் பதில் ஆப்பிளின் எம்4 மேக் மினி. 2024-இல் வந்தபோது 59,900 ரூபாய், 16 ஜிபி, சத்தமில்லை, கரண்டும் குறைவு.

சித்தப்பா_ஸ்டுடியோ
அதில் 256 ஜிபி டிஸ்க். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25, 30 எம்பி. 2000 படம் என்றால் ஒரு கல்யாணத்துக்கே 50 ஜிபிக்கு மேல். ராமையும் பிறகு ஏற்ற முடியாது. தம்பி பத்திரிகைக்கு பாமினி எழுத்துருவில் அடிப்பவராக இருந்தால் என்எச்எம் ரைட்டருக்கு (விண்டோஸில் ஓடும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள்) மாற்றும் தேட வேண்டும். நல்ல பெட்டிதான், இவருக்கு வேண்டாம்.

டிவ்_தேவகி
யுபிஎஸ்ஸையும் கணக்கில் எடுங்கள். நம் ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பது 600 விஏ, அது தாங்குவது 360 வாட் அளவு. 14700 முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கும். அதோடு 170 வாட் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு சேர்ந்தால் கரண்ட் போகும் அந்த நொடியிலேயே அணைந்துவிடும். 4060 என்றால் 115 வாட்தான்.

கார்டு தேவையா என்று கேட்டால், மண்டப வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்கு லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்குவது) போடுபவருக்குத் தேவை. 2023-இல் வந்த வசதி அது. வேலை முழுக்க கார்டில்தான் நடக்கும். பிராசஸரோடு வரும் கிராபிக்ஸில் ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் உட்கார வேண்டும்.

எட்டுக்கோர்
சரி, டீநாய்ஸ் போடுபவர் என்றால் கார்டு முக்கியம், அதை ஏற்கிறேன். ஆனாலும் 14400-க்கு மேல் ஒரு படி ஏறி 14500 பார்க்கலாம். கரண்ட் குறைவாக எடுக்கும் சின்னக் கோர் (இ-கோர்) நாலு கூடுதல்.

திண்டுக்கல்_டிசைனர்
ஆமாம், டீநாய்ஸ் இல்லாமல் ரிசப்ஷன் படம் தேறாது. ஐ5 14400, நாலு ஸ்லாட் டிடிஆர்4 போர்டு, இன்னொரு 16 ஜிபி, 1 டிபி என்விஎம்இ, 4060 என்று விலை கேட்கப் போகிறேன். 14500 அதே விலைக்குப் பக்கத்தில் வந்தால் அதை எடுப்பேன்.

ரைசன்_ராசு
டிடிஆர்4-இல் போடும் காசு அத்தனையும் அடுத்த மெஷினுக்கு வராது. சொல்லிவிட்டேன்.

பிக்சல்_பாண்டி
பில் போடும்போது மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 14400எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு சர்வீஸுக்குப் போகும் வாரத்தில் திரையே வராது. கொஞ்சம் விலை குறைவு என்று அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்.